சீரியல் விளம்பரக் கம்பெனியும் மிளகாய் மில் மாடியும்

போன வாரம் எங்கள் வீட்டில் தாளிப்பு கருகியது. எண்ணெயில் காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டுவிட்டு, ஹாலில் ஏதோ கைத்தட்டல் கேட்கிறதே என்று எட்டிப் பார்க்கப் போனதுதான் காரணம். மகள் டி.வி.யில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். கதாநாயகன் விளம்பரக் கம்பெனி முதலாளி. ஆபீஸ் முழுக்கக் கண்ணாடி. சுவர் கண்ணாடி, கதவு கண்ணாடி, மேஜைகூடக் கண்ணாடி. கோட் போட்டவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, கதாநாயகி நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு இரண்டே வரி சொன்னாள். எல்லோரும் உறைந்து போனார்கள். அப்புறம் விளம்பரம் கொடுக்க வந்த பெரிய மனிதர் மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாகக் கை தட்டினார். அதற்குள் சமையலறையிலிருந்து புகை வந்துவிட்டது.

மகள் இருமிக்கொண்டே கேட்டாள். "அம்மா, நீயும் விளம்பரக் கம்பெனிலதான இருந்த. இப்பிடித்தான் இருக்குமா?"

எனக்கு ஒரு பக்கம் தும்மல், ஒரு பக்கம் சிரிப்பு. அவளுக்கு எப்படித் தெரியும், நான் வேலை பார்த்த விளம்பரக் கம்பெனியின் வாசனையே இந்த மிளகாய் நெடிதான் என்று.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மிளகாய், மல்லி, சீயக்காய் எல்லாம் அரைத்துக் கொடுக்கும் மில் ஒன்று இருந்தது. அதன் மாடிதான் எங்கள் ஆபீஸ். படிக்கட்டு குறுகல். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் எதிர்ப்பட்டால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்துத் திரும்பிப் போகவேண்டும். கீழே சீயக்காய் அரைக்கிற நாட்களில் மாடி முழுக்கத் தலைக்குக் குளித்த பெண்ணின் வாசம். மிளகாய் அரைக்கிற நாட்களில் நாங்கள் எல்லோரும் அழுதுகொண்டே வேலை செய்வோம். புதிதாக வருகிறவர்கள், இந்தக் கம்பெனிக்கு ஏதோ பெரிய துக்கம் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

முதலாளியின் பெயர் கபிரியேல். ஆனால் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முசே என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் எங்கள் ஊரில் தங்கிவிட்ட 'ஐயா' அது. வெள்ளைச் சட்டையை இஸ்திரி மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வருவார். விளம்பரம் என்ற சொல்லை அவர் வாயால் கேட்டதே இல்லை. ரெக்லாம் என்பார், பள்ளிக்கூடத்தில் கற்ற பிரெஞ்சில். அவரைப்போல மரியாதையான மனிதரை நான் பார்த்ததில்லை. கொசுவை அடிப்பதற்கு முன்னால்கூட ஒரு வினாடி தயங்குவார். அந்த வினாடியில் அது போய்விடும்.

இன்னொருவர் ஏழுமலை. கேமரா பிடிப்பது, படத்தை வெட்டி ஒட்டுவது, மொபெட்டில் போய்க் கேபிள் டி.வி. ஆபீஸில் கேசட் கொடுப்பது, வரும் வழியில் டீ வாங்கி வருவது எல்லாம் அவர் பொறுப்பு. மூன்றாவது ஆள் நான். எழுதுவதும் நான், பேசுவதும் நான். புதுப்பெண் குரல் நான், குழந்தைக் குரல் நான், மாமியார் குரலும் நான்தான். குரல் பதிவுக்கென்று தனி அறை உண்டு. சுவரெல்லாம் பழைய கம்பளியை ஆணி அடித்து மாட்டியிருப்போம். பேச ஆரம்பிக்கும் முன் துடைப்பக் கட்டையால் தரையில் தட்டுவேன். கீழே மில்காரர் மிஷினை நிறுத்துவார். பேசி முடித்ததும் மறுபடி ஒரு தட்டு. எவ்வளவு நல்ல ஒப்பந்தம் பாருங்கள். ஒருநாள் ஜவுளிக்கடை விளம்பரத்துக்குப் பேசும்போது, மிஷின் நின்றாலும் மிளகாய் நெடி நிற்கவில்லை. 'பட்டு' என்று சொல்லவேண்டிய இடத்தில் தும்மிவிட்டேன். மறுபடி பேச நேரமில்லாமல் அப்படியே போய்விட்டது. கடைக்காரர் சண்டைக்கு வருவார் என்று பயந்து உட்கார்ந்திருந்தோம். வந்தார். தீபாவளிக்கும் அதே தும்மல் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்களாம்.

சீரியலில் காட்டுகிற கம்பெனிகளில் யாருக்கும் இந்தத் தொல்லைகள் கிடையாது. அங்கே விளம்பரம் கொடுக்க வருகிறவர் யோசனையைக் கேட்டு உருகிப்போகிறார். எங்களிடம் வந்தவர்கள் யாரும் உருகவில்லை. போன் நம்பரை இன்னும் பெரிசா போடுங்க என்பார்கள். அப்பா போட்டோவை மாலையோடு காட்டச் சொல்வார்கள். பையன் நல்லா டான்ஸ் ஆடுவான், அவனைப் போட்டுக்கோங்க என்பார்கள். நாலு பக்கமும் எழுத்து ஓடி, நடுவில் பையன் ஆடி, மூலையில் தாத்தா மாலைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். முசே அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வார். நல்ல ரெக்லாம் என்பது நல்ல சட்டை மாதிரி, போட்டிருப்பதே தெரியக்கூடாது என்பது அவர் கட்சி.

இந்தக் கூத்துகளுக்கு நடுவில் ஒரு மழைக்காலத்தில் கம்பெனி தள்ளாட ஆரம்பித்தது. ஜவுளிக்கடைக்காரர் விளம்பரம் எடுக்கச் சென்னைக்குப் போய்விட்டார். மற்றக் கடைகளுக்குக் கேபிள்காரர்களே விளம்பரம் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். முசேயை அவருடைய தங்கை பிரான்சுக்கு வந்துவிடச் சொல்லி வாராவாரம் போன் செய்துகொண்டிருந்தார். பொங்கலுக்குள் நிலையாக விளம்பரம் கொடுக்கும் ஒரு புது ஆள் கிடைக்காவிட்டால் மூடிவிடலாம் என்று நினைப்பதாக முசே எங்களிடம் சொன்னார். ஏதோ அவர் எங்கள் காலை மிதித்துவிட்ட மாதிரி அத்தனை வருத்தத்தோடு சொன்னார். என் வீட்டில் நிலைமை என்னவென்றால், அப்பா வேலை பார்த்த பஞ்சாலை மூடிக் கிடந்தது. என் சம்பளம்தான் அடுப்பு. அது போனால் திண்டிவனத்தில் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைக்கு என்னைக் கட்டிவிடுவது என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளையை நான் போட்டோவில் பார்த்திருந்தேன். போட்டோவிலேயே அவர் யாரையோ கோபித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஒருநாள் தனக்கோட்டி அக்கா படியேறி வந்தார்.

அவருடைய வீட்டுக்காரரும் என் அப்பாவோடு அதே ஆலையில் இருந்தவர்தான். ஆலை மூடியதும் அக்கா அரியாங்குப்பத்தில் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு நைட்டி தைக்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். சின்னக் கூடமாக இருந்தது பெரிய கொட்டகையாயிற்று. இவ்வளவு நாளும் தைத்ததை மூட்டை கட்டி மார்க்கெட்டில் மொத்த வியாபாரிகளிடம் போட்டுவந்தவர், இனிமேல் தன் பெயரிலேயே விற்கப்போவதாகச் சொன்னார். தனம் நைட்டி. அதற்கு டி.வி.யில் விளம்பரம் வேண்டும், மாதாமாதம் வேண்டும்.

இதைச் சொல்லும்போதே நாலு தும்மல் போட்டுவிட்டார். மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு சுற்றிப் பார்த்தார். கம்பளி மாட்டிய சுவர், துடைப்பக் கட்டை, கால் ஆடுகிற நாற்காலி. முகத்தில் ஏமாற்றம் பச்சையாகத் தெரிந்தது. டி.வி.யில் காட்டுவது வேறு மாதிரி இருக்கிறதே என்றார். அப்போது தினமும் ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் ஒரு சீரியல் ஓடும். அதிலும் விளம்பரக் கம்பெனிதான். ஊரே பார்த்தது. அக்கா படி இறங்கும் முன் நின்று, "ஆமா, பிரசன்டேசன்னு ஒண்ணு பண்ணுவீங்களாமே, அது எப்ப?" என்று கேட்டார்.

நாங்கள் பிறந்ததிலிருந்து பிரசன்டேஷன் செய்ததில்லை. முசே உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ஏழுமலை முந்திக்கொண்டார்.

"அது மெயின் ஆபீஸ்லக்கா. ஞாயித்துக்கிழமை."

அக்கா போன பிறகு முசே ஏழுமலை பக்கம் திரும்பினார். எங்கே இருக்கிறது நம்முடைய மெயின் ஆபீஸ் என்று மெதுவாகக் கேட்டார். இனிமேல்தான் பார்க்கவேண்டும் என்றார் ஏழுமலை.

பார்த்தோம். முசேயின் பெரியப்பா மகன் வெள்ளைக்காரத் தெருக்கள் பக்கம் விமான டிக்கெட் போடும் ஆபீஸ் வைத்திருந்தார். ஏ.சி. உண்டு, கண்ணாடி அறை உண்டு, சுழலும் நாற்காலி உண்டு, ஞாயிற்றுக்கிழமை லீவும் உண்டு. இடம் கிடைத்துவிட்டது. இனி அதற்குள் விளம்பரக் கம்பெனி எப்படி நடக்கும் என்று தெரியவேண்டும். எங்களுக்குத்தான் அது தெரியாதே. ஆகவே அந்த வாரம் சீரியலைப் பார்த்து வரச்சொல்லி என்னை அனுப்பினார்கள்.

அந்த வாரம் எங்கள் வீடு தலைகீழானது. சீரியல் பார்ப்பது என் ஆபீஸ் வேலை என்றதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரத்தில் நியூஸ் வைக்கச் சொல்லித் தினமும் சண்டை போடுகிற அப்பா, ஆபீஸ் வேலை என்பதால் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் அவரே நேரமாச்சு வா என்று என்னைக் கூப்பிட்டார். நான் கவனித்தவை இவை. முதலாளி கோட்டைக் கழற்றுவதே இல்லை. கொண்டுவந்து காட்டுகிற காகிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடுகிறார். வேலைக்காரர்கள் கையில் ஃபைலோடு குறுக்கும் நெடுக்கும் வேகமாக நடக்கிறார்கள், எங்கே போகிறார்கள் என்று தெரியாது. கதாநாயகி தலையை விரித்துப்போட்டு, குதிகால் உயர்ந்த செருப்பில் வருகிறாள். எல்லோரும் நிலவைப் பற்றியும் தென்றலைப் பற்றியும் யோசனை சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் முதலியார்பேட்டைப் பக்கம் கரண்ட் போய்விட்டது. ஒருநாள் கதையில் என்ன ஆகிவிடப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

முசேக்கு அவர் கல்யாணக் கோட் அகப்பட்டது. அந்துருண்டை வாசம் அடித்தது, மற்றபடி பிரமாதம். ஏழுமலை போட்டோ ஸ்டூடியோவிலிருந்து ஒரு கோட் வாங்கி வந்தார். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்களுக்கு மாட்டிவிடுவது. முன்பக்கம் மந்திரி மாதிரி இருந்தது. முதுகில் மேலிருந்து கீழ்வரை கிழிசல். போட்டோவில் முதுகு விழாது என்பதால் யாரும் தைக்கவில்லை. எனக்கு எதிர்வீட்டு அக்காவின் குதிகால் செருப்பு. ஃபைலோடு நடப்பதற்கு நோணாங்குப்பத்தில் படகு ஓட்டிக்கொண்டிருந்த ஏழுமலையின் மச்சான்கள் இருவர். முசேக்குக் காகிதம் கிழிக்கப் பயிற்சி கொடுத்தோம். நேராக இரண்டாகக் கிழித்து, குனிந்து பொறுக்கி, இதில் முக்கியமானது ஏதும் இல்லையே அம்மா என்று என்னைக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. அக்கா மட்டும் வருவார் என்று நினைத்திருந்தோம். டெம்போவிலிருந்து பெண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நைட்டி தைக்கிறவர்கள் அத்தனை பேரும், பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி. அக்கா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். நாங்கள் சொல்லிவைத்தபடி எல்லோரும் எழுந்து நின்றோம். அக்கா அப்படியே நின்றுவிட்டார். பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் வந்து தலைமை நாற்காலியில் உட்கார்ந்தார். அது அரை வட்டம் சுற்றி அவரை ஈஃபில் கோபுரப் படத்தைப் பார்க்க வைத்தது. ஏழுமலை திருப்பி வைத்தார்.

மேஜைமேல் ஒரு குட்டி விமானம் இருந்தது. இதற்கும் நீங்கள்தான் விளம்பரமா என்று ஒரு பெண் கேட்டார். ஆமாம் என்றார் ஏழுமலை. முதுகைக் காட்டக்கூடாது என்பதால் அவர் யாரிடமிருந்தும் திரும்பாமல் பின்வாங்கிப் பின்வாங்கியே நடந்தார். அதில் அவருக்கு ஒரு ராஜசபை அடக்கம் வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மச்சான்கள் ஃபைலோடு சுற்றிச் சுற்றி வந்தார்கள். படகுக்காரர்கள் ஆனதால் எதிரெதிரே வரும்போது தூரத்திலேயே வலப்பக்கம் ஒதுங்கிக்கொண்டார்கள்.

பிரசன்டேஷன் ஆரம்பமானது. நான் எழுதியதை முசேயிடம் நீட்டினேன். அவர் படித்தார், புருவத்தை நெரித்தார், கிழித்தார். "மன்னிக்கணும்" என்று சேர்த்துக்கொண்டார். நான் முடியை ஒதுக்கிவிட்டு இன்னொரு காகிதத்தை எடுத்து வாசித்தேன். நிலவு காய்கிறது, தென்றல் திரைச்சீலையை அசைக்கிறது, ஒரு பெண் பால்கனியில் நிற்கிறாள், தனம் நைட்டி. குரலை எவ்வளவு குழைக்க முடியுமோ அவ்வளவு குழைத்தேன்.

தனக்கோட்டி அக்கா எழுந்தார். "எனக்குப் புடிக்கல" என்றார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திண்டிவனத்து மாப்பிள்ளையின் போட்டோ கண்முன் வந்து நின்றது. ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். முசே டையைத் தளர்த்தி, மிச்சமிருந்த பெண்களைப் பார்த்து, இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி, ஒரு காப்பி சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மச்சான்களிடம் யாரும் நிறுத்தச் சொல்லாததால் அவர்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், வந்த பெண்கள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவும் எங்கும் போகவில்லை. வெளியே படிப்பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அடிக்கடி ஓரக்கண்ணால் கதவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பொறுத்து அவரே உள்ளே வந்தார்.

"ஏம்மா, இன்னா நீங்க, யாருமே பின்னாடி ஓடி வரமாட்டேங்கிறீங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தைக்கிற பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்கினார்கள். வெள்ளிக்கிழமைக் கதையில், விளம்பரம் கொடுக்க வந்தவர் பிடிக்கவில்லை என்று எழுந்து போய்விடுகிறார். கதாநாயகி பின்னாலேயே ஓடிப்போய், வழியை மறித்து, அப்போது உதித்த ஒரு யோசனையைச் சொல்கிறாள். அவர் அசந்துபோகிறார். அதுதான் நடக்கவேண்டும். நடக்கவில்லை. "வெள்ளிக்கிழமை பாக்கலியா நீ?" என்றார் அக்கா. எங்கள் பக்கம் கரண்ட் இல்லை என்றேன். அரியாங்குப்பத்தில் இருந்தது என்று சொல்லி, அதை ஒரு நியாயமான காரணமாக ஏற்றுக்கொண்டார். சரி, இன்னொருதரம் போகிறேன், இந்தத் தடவையாவது வா என்று சொல்லிவிட்டு மறுபடி "எனக்குப் புடிக்கல" என்று எழுந்தார். முதல் தடவையைவிட நன்றாகவே சொன்னார்.

நான் ஓடினேன். ஏழுமலை கதவைத் திறந்து பிடித்த வேகத்தில் முதுகைக் காட்டிவிட்டார். அவர் கோட்டைப் பார்த்து உள்ளே எழுந்த கூச்சல் தெருவரைக்கும் கேட்டது. குதிகால் செருப்பு முதல் படியிலேயே என்னைக் கைவிட்டது. இரண்டையும் உதறிவிட்டு வெறுங்காலோடு ரோட்டில் இறங்கினேன். அக்கா நிற்பார் என்று பார்த்தால், அவர் ரசித்து ரசித்து வேகமாக நடந்துகொண்டிருந்தார். மழை விட்டு அடித்த வெயிலில் தார் ரோடு கொதித்தது. முனையில் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில்தான் எட்டிப் பிடித்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு வாங்கியது. ஓடி வந்தாகிவிட்டது, யோசனை மட்டும் வரவில்லை.

எதிரே ஒரு வீட்டு வாசலில் ஒரு அம்மா கீரைக்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். பூப்போட்ட நைட்டி, தோளில் துண்டு. இடுப்பில் குழந்தை. குழந்தையின் ஒரு கை துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கோலமாவுக் கிண்ணம். அந்த அம்மா குழந்தையையும் துண்டையும் கீரைக்காரரையும் ஒரே நேரத்தில் சமாளித்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியாமல் சொன்னேன்.

"அக்கா, நைட்டின்னு பேரு. ராத்திரிக்குன்னு யாரு அத வாங்கறாங்க? பேருலதான் நைட்டு. உழைப்பெல்லாம் பகல்ல."

அக்கா நான் காட்டிய பக்கம் பார்த்தார். கை தட்டவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். இளநீர் வண்டியைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். இளநீர்க்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். அவருக்கும் சொன்னோம். தன் பெண்டாட்டியும் அப்படித்தான் என்றார் அவர்.

சிரிப்பு அடங்கியபோது எனக்குப் பொய் தாங்கவில்லை. அக்கா, இது எங்கள் ஆபீஸ் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும். என் தங்கச்சி மவன் ஏரோப்ளேன் டிக்கெட் எடுத்தது இங்கதான்."

தெரிந்துமா வந்தீர்கள் என்றேன்.

"எனக்கோசரம் இத்தினி பேரு வேஷம் கட்டறீங்கன்னா வந்து பாக்க வேணாமா?" என்றவர், வேறு குரலில் சொன்னார். "மார்க்கெட்ல மூட்டையோட நாந்தான் நிப்பேன். அவங்க உக்காந்திருப்பாங்க. இன்னைக்கு நான் வந்ததும் நீங்கல்லாம் எழுந்து நின்னீங்க பாரு. அது போதும். உள்ள வா, காலு சுடும்."

திரும்பி வந்தபோது ஏழுமலை கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். தையல்காரப் பெண் ஒருவர் கழுத்துத் தாலிக்கயிற்றில் குத்தி வைத்திருந்த ஊசியை எடுத்து, முசேயின் கைக்குட்டையிலிருந்து நூல் பிரித்து, ஏழுமலையின் கோட் முதுகைத் தைத்துக்கொண்டிருந்தார். முசே பக்கத்தில் நின்று தையலின் நேர்த்தியைப் பாராட்டிக்கொண்டிருந்தார். நான் அந்த வரியை அவரிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒருதரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். இதுதான் ரெக்லாம் என்றார். நாங்கள் எடுத்த எதையும் அவர் அதுவரை அந்த மாதிரிச் சொன்னதில்லை.

விளம்பரத்தை அரியாங்குப்பத்தில் அக்கா வீட்டுத் தெருவில் எடுத்தோம். நிலவும் இல்லை, பால்கனியும் இல்லை. அந்தப் பெண்கள்தான் நடித்தார்கள். நடித்தார்கள் என்றுகூடச் சொல்லக்கூடாது. ஒருவர் பால் வாங்கினார், ஒருவர் குழாயடியில் குடத்தைத் தூக்கினார், ஒருவர் பள்ளிக்கூடம் போகாமல் அடம்பிடித்த பையனை வேலிவரைக்கும் துரத்தினார். எல்லோர் தோளிலும் துண்டு. துண்டு வேண்டாமே, நைட்டி டிசைன் மறைகிறதே என்று ஏழுமலை சொல்லிப் பார்த்தார். துண்டில்லாமல் தெருவுக்கு வரமாட்டோம் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். கடைசியில் அக்கா துண்டையும் நைட்டியோடு சேர்த்தே விற்க ஆரம்பித்தார். போன் நம்பரைப் பெரிதாகப் போடச் சொல்லவில்லை. அப்பா போட்டோவும் கேட்கவில்லை. முசே அவரைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். அது வேஷம் இல்லை, அவர் யாருக்கும் அப்படித்தான். அக்காவுக்கு அது தெரியக் கொஞ்ச நாள் ஆயிற்று. தெரிந்த பிறகும் அவருக்கு அந்தச் சந்தோஷம் குறையவில்லை.

பொங்கல் வந்தது, கம்பெனி மூடவில்லை. திண்டிவனத்து மாப்பிள்ளை வீட்டார், டி.வி.யில் நைட்டிக்குப் பேசுகிற பெண் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். அம்மா ஒருநாள் அழுதாள். அப்பா எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி சிரித்தார்.

இப்போது அந்தச் சந்தில் மில் இல்லை. பூட்டிய ஷட்டர்மேல் வேறு எதற்கோ போஸ்டர். முசே ரொம்ப நாள் தாக்குப்பிடித்து, முழங்கால் படியேற மறுத்த பிறகுதான் தங்கையிடம் போனார். அங்கே குளிரில் காலமானார். ஏழுமலை காலாப்பட்டுப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறார். கேமரா இப்போது தானாகவே பறக்கிறது, நான் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறேன், கழுத்துதான் வலிக்கிறது என்கிறார். கேபிள்காரரின் உள்ளூர்ச் சேனல் போய்விட்டது. அந்த விளம்பரக் கேசட் பூஞ்சணம் பிடித்து என்னிடம்தான் இருக்கிறது, அதைப் போட்டுப் பார்க்க ஒரு மிஷின் ஊரில் எங்கும் அகப்படவில்லை. தனம் நைட்டியை அக்காவின் மகன் நடத்துகிறான். விளம்பரம் போனிலேயே வருகிறது. எனக்கு வருகிற விளம்பரம் உங்களுக்கு வராதாம், ஆளுக்குத் தகுந்தாற்போல மாறுமாம்.

போனால் போகட்டும் என்று விட முடியாத ஒன்று உண்டு. விளம்பரம் முதல்முதலாக வந்த சாயங்காலம். எல்லோரும் அக்கா வீட்டில் கூடிவிட்டதால் உள்ளே நிற்க இடமில்லை. நானும் ஏழுமலையும் தெருவில் நின்றோம். விளக்கு வைக்கிற நேரம், எல்லா வீட்டிலும் கதவு திறந்திருந்தது. சினிமாப் பாட்டு முடிந்தது. என் குரலை நானே கேட்டேன், அக்கா வீட்டிலிருந்து, எதிர்வீட்டிலிருந்து, அதற்கடுத்த வீட்டிலிருந்து. கடைசியில் 'பேருலதான் நைட்டு' வந்ததும் உள்ளே சிரித்தார்கள். எதிர்வீட்டில் சிரித்தார்கள். தெருக்கோடியில் எனக்கு முகம் தெரியாத யாரோ ஒரு பெண் பெரிதாகச் சிரித்தார். டீக்கடையில் சிரித்தார்கள். மொத்தத் தெருவும் ஒரே விஷயத்துக்கு, ஒரே நேரத்தில். தனக்கோட்டி அக்கா வாசலுக்கு ஓடி வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. தெரு நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி, ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவ்வளவு பெரிய சத்தத்தை அப்புறம் எந்தத் தெருவிலும் நான் கேட்டதில்லை.